போன் நுழையாத பை

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு வைப்பது பாவம். சாப்பாடு அப்போதுதான் வயிற்றில் இறங்கியிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாதபடி காய்ச்சி வைத்திருக்கும். அந்த நேரத்திலும் வார இறுதி எம்.பி.ஏ. படிக்க வருகிற முப்பத்தோரு பேரும் கொட்டாவி விடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்றால், அது ஹபீப் ரகுமான் சாருடைய சாமர்த்தியம்.

அவர் பாடம் நடத்துவதில்லை. கேஸ் கொடுப்பார். ஏதோ ஒரு கம்பெனியின் கதை, ஏழெட்டுப் பக்கம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் அந்தக் கம்பெனிக்காரர் போக வழி தெரியாமல் முட்டுச்சந்தில் நிற்பார். இனி என்ன செய்வது என்று படித்தவர்கள் சொல்ல வேண்டும். அதிலும் சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. 'அவர் இப்படிச் செய்யலாம்' என்று எவரும் பேசக் கூடாது. எழுந்து நின்று, கம்பெனிக்காரர் பெயரைத் தன் பெயராகச் சொல்லி, 'நான் இதைச் செய்வேன்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

"அடுத்தவன் கடைக்கு யோசனை சொல்ல ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும். சொந்தக் கடைன்னு நெனச்சுச் சொல்லுங்க, அப்பத் தெரியும் வலி" என்பார்.

ஸ்வீட்லினுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும். முப்பத்தெட்டு வயதாகிறது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் பதினாலு வருஷமாக ஆட்களின் வருகையையும் லீவையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பட்டம் வாங்கி வந்தால் பதவி தருகிறோம் என்று மேனேஜர் வாய் தவறிச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படிக்க வந்தவள். இந்த ஒரு வருஷத்தில் பிஸ்கட் கம்பெனி முதலாளியாக நின்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரி நிர்வாகியாக நின்று கேன்டீனை மூடியிருக்கிறாள். ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை.

அன்றைக்குக் கொடுத்த தாளில் முதல் இரண்டு வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

'ராஜன் என்பவர் ஒரு சிறிய ஊரில் பன்னிரண்டு தையல் மெஷின்களை வைத்து நைட்டி தயாரிக்கிறார். அவர் தயாரிக்கும் எல்லா நைட்டிகளிலும் வலது பக்கத் தையலில் ஒரு சிறிய பை இருக்கும்.'

ராஜனாவது கீஜனாவது. இது சத்தியநேசன். அவளுடைய புருஷன். அய்யனார் கோவில் போகிற ரோட்டில் வாடகை வீட்டில் ஓடுகிற பன்னிரண்டு மெஷினும் அவளுக்கு அத்துப்படி. எந்த மெஷின் எண்ணெய் குடிக்கும், எது ஊசியை ஒடிக்கும் என்பது வரைக்கும் தெரியும். பக்கத்தைப் புரட்டினாள். மதுரை மொத்த வியாபாரி ஒருவர் பையை எடுத்துவிட்டு விலையில் நாலு ரூபாய் குறைத்தால் இரண்டாயிரம் உருப்படிக்கு ஆர்டர் தருவதாகச் சொல்வதும், அந்த ஆர்டர் இல்லாவிட்டால் மெஷின்கள் சும்மா கிடக்கும், தைக்கிற பெண்கள் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள் என்பதும் அச்சில் ஏறியிருந்தன. ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார்கள். வயதில் நாலைக் கூட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் மறைப்பு.

'இந்த மனுஷனுக்குப் புத்தி எங்க போச்சு?' என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாத்தியார் வந்து போனதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. வீட்டு விஷயத்தை முப்பது பேர் கையில் தாளாகக் கொடுக்கிற அளவுக்குப் போயாச்சு, பொண்டாட்டிக்குத் தெரியாது.

அவளும் யோக்கியம் இல்லை. போன வாரம் இதே விஷயத்துக்காக அவரோடு மூன்று நாள் மல்லுக்கட்டியவள் அவள்தான். வகுப்பில் கற்றதையெல்லாம் வீட்டில் கொட்டினாள். "கேக்காத பையை எதுக்குக் குடுக்கீங்க? அதுல போன்கூட நுழைய மாட்டேங்கு. பன்னெண்டு பேர் பொழப்பு பெருசா, ஒங்க பை பெருசா? எங்க கிளாஸ்ல இதைச் சொன்னா சிரிப்பாங்க" என்று கேட்டாள். சத்தியநேசன் எதிர்ப் பேச்சு பேசுகிறவர் இல்லை. தலையைச் சொறிந்தார். நாலாம் நாள் காலையில், "சரிட்டி, நீ படிச்சவ. எடுத்துருவோம்" என்றார். அந்த வியாபாரி இன்றைக்குத்தான் வருகிறார். நாலு மணிக்கு. பை இல்லாத மாதிரி உருப்படியைப் பார்த்துக் கை கொடுத்துவிட்டால், அதற்கப்புறம் எல்லா நைட்டியும் அப்படித்தான். ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் காலையில் பஸ் ஏறியிருந்தாள்.

"யாரு ராஜன்?" என்றார் சார்.

ஜோயல் முதலில் எழுந்தான். பேங்கில் கடன் பிரிவில் இருப்பவன். "நான் ராஜன். நாளைக்குக் காலையிலயே பையை எடுத்துருவேன் சார். கடைசிப் பக்கத்துல அளவு போட்டிருக்கு பாருங்க, மூணரை இஞ்சு அகலம், நாலரை ஆழம். போன் வச்சா பாதி வெளிய நிக்கும், குனிஞ்சா விழும். போன் நுழையாத பையெல்லாம் ஒரு பையா?"

வகுப்பு சிரித்தது. அடுத்தடுத்து ராஜன்கள் எழுந்தார்கள். பையை எடுத்த ராஜன், பையோடு ராஜனையே எடுத்துவிடச் சொன்ன ராஜன், நைட்டியை விட்டுவிட்டுக் குழந்தைத் துணிக்குப் போன ராஜன். தொழிலில் பாசம் பார்ப்பவன் உருப்பட மாட்டான் என்று ஒருவன் தீர்ப்பே எழுதிவிட்டான். ஸ்வீட்லின் தாளை மடக்கி மடக்கி நீட்டினாள். எல்லாம் அவள் போன வாரம் அடுப்படியில் நின்று சொன்னவைதான். அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தியது. ஏலே, அந்த ஆளு காலையில ஏழு மணிக்குக் கத்தரி பிடிச்சா சாயங்காலம்தான் நிமிருவாரு, உங்களுக்கு என்னலே தெரியும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

பிறகு அல்ஃபியா எழுந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் மாமனாருக்கு ஜவுளிக்கடை. கல்லாவில் அவள்தான் உட்காருகிறாள்.

"நான் ராஜன். பையை எடுக்க மாட்டேன், பெருசாக்குவேன். எங்க கடைக்கு வர்ற பொம்பளையாளுக நைட்டியை எடுத்ததும் மொதல்ல பை இருக்கான்னுதான் பாக்காங்க. கைய விட்டுப் பாத்து, போனை வச்சுப் பாத்துட்டு, பத்தலன்னு கீழ வச்சிருதாங்க. பை வேண்டாம்னு ஒருத்தியும் சொன்னதில்ல சார். இவரு யாவாரியக் கேட்டிருக்காரு. உடுத்துறவங்களக் கேட்டாரா?"

சாருடைய முகம் மலர்ந்தது. போர்டில் பெரிதாக ஒரு செவ்வகம் வரைந்தார். "இதைத்தான் எதிர்பார்த்தேன். ரெண்டு இஞ்சு துணி, அதுவும் வெட்டி மிஞ்சுன துண்டு. செலவே இல்ல. சரி, இவ்வளவு சுளுவான வேலையை ராஜன் ஏன் செய்யல? நான் அவர்கிட்ட இதையே கேட்டேன். 'அளவு அதுதான் சார்'னு முடிச்சிட்டாரு. கேஸ்ல அதோட விட்டுட்டேன்."

மார்க்கரை மூடினார்.

"ரெண்டாவது டீ குடிக்கும்போதுதான் மனுஷன் வாயத் திறந்தாரு. எழுதாதீங்கன்னு சொல்லிட்டுச் சொன்னாரு. நானும் எழுதல. பேரு ஊரெல்லாம் மாத்தியாச்சு, அதனால சொல்லுதேன். சொல்லாம முடிச்சா அவரை முட்டாளாக்கி அனுப்புன பாவம் எனக்கு வரும்."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அவரு சம்சாரத்துக்கு வீசிங் உண்டு. ஒரு நாள் மொட்டை மாடியில துணி காயப் போடப் போன எடத்துல இளைப்பு வந்துட்டு. இன்ஹேலர் கீழ ஹேண்ட்பேக்குல கெடக்கு. இவரு தேடி எடுத்துட்டு ஓடுறதுக்குள்ள அந்தம்மாவுக்கு நகமெல்லாம் நீலம் பாஞ்சிருச்சாம். பொறவு, கழுத்துல மாட்டிக்கிற மாதிரி ஒரு சின்னப் பை வாங்கிக் குடுத்திருக்காரு. அவங்க கோவிச்சுக்கிட்டாங்க. மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி எனக்குக் கட்டுதீங்களான்னு கேட்டிருக்காங்க."

ஸ்வீட்லின் அதைத்தான் கேட்டாள். அதே வார்த்தை. அந்தக் கழுத்துப் பை இன்னும் பரண்மேல் கிடக்கிறது.

"அதுக்கு அடுத்த மாசம்தான் எல்லா நைட்டியிலயும் பை வந்தது. அவரு என்ன சொன்னாருன்னா, 'அவளுக்கு மட்டும் பை வச்சுத் தச்சா, நோயாளின்னு ஒதுக்கி வச்ச மாதிரி நெனைப்பா சார். எல்லாத்துலயும் வச்சிட்டா அது வெறும் பை. அவளும் எல்லாரையும் மாதிரி ஒருத்தி.' அந்த அளவு போனுக்கு வெட்டுன அளவு இல்ல. இன்ஹேலரை அட்டைமேல வச்சு, சுத்தி வரைஞ்சு, ரெண்டு விரக்கடை கூட்டி வெட்டியிருக்காரு. அந்த அட்டையை எனக்குக் காட்டுனாரு."

ஜோயல் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

ஸ்வீட்லினுக்குக் கண் முன்னால் எழுத்து கலங்கியது. பை வைத்த முதல் நைட்டி வீட்டுக்கு வந்த நாள் நினைவுக்கு வந்தது. "மார்க்கெட்ல கேக்காங்க" என்றார். அவளும் உடுத்திக்கொண்டாள். அன்றைக்கே இன்ஹேலர் போய் அந்தப் பையில் உட்கார்ந்துகொண்டது. அவள் வைத்ததாகக்கூட ஞாபகம் இல்லை. மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை இளைப்பு வந்திருக்கிறது. ஒரு தடவைகூடத் தேட வேண்டியிருந்ததில்லை. இப்போது நமக்கு உடம்பு தேவலை என்று நினைத்துக்கொண்டாளே தவிர, பையை நினைக்கவில்லை. கிறுக்கி, சுத்தக் கிறுக்கி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஸ்வீட்லின், நீங்க இன்னைக்கு வாயே திறக்கலையே" என்றார் சார். "சொல்லுங்க."

எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ராஜன்" என்றாள். "நான் இதை என் வீட்டுக்காரிகிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும் சார். அவளுக்குத் தெரிஞ்சிருந்தா, பையை எடுக்கச் சொல்லி மூணு நாள் சண்டை போட்டிருக்க மாட்டா."

மூன்று நாள் சண்டை கேஸில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒன்றிரண்டு பேர் தாளைப் புரட்டினார்கள். அதற்குள் அவளுக்கு நெஞ்சு பிடித்தது. உடுத்தியிருந்தது சேலை. குனிந்து ஹேண்ட்பேக்கைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவையும் நோட்டையும் தள்ளி, இன்ஹேலரைத் தேடி எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தாள். நிமிர்ந்தபோது சார் அவளையும் அவள் கையில் இருந்ததையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போயிற்று.

"மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் மெதுவாக. "நீங்க கெளம்புங்க. அட்டெண்டன்ஸ் நான் பாத்துக்கிடுதேன்."

வாசலுக்கு வந்து மூன்று தடவை போன் அடித்தாள். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். மெஷின் ஓடுகிற நேரம் போனைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிடுகிற ஆள். ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். அன்றைக்கென்று அது ஊர்ந்தது. மில் முக்கு வந்தது, ரயில்வே கேட் மூடியது, கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போனது. பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "யாரும் சீரியஸாம்மா?" என்று கேட்டாள். "இல்லக்கா, வீட்டுக்குப் போறேன்" என்றாள் ஸ்வீட்லின். கேட்டவள் நம்பவில்லை, தண்ணீர் பாட்டிலைக் கையில் திணித்தாள்.

தையல் கம்பெனிக்குள் நுழையும்போது மணி நாலாகப் பத்து நிமிஷம் இருந்தது. மாதிரி நைட்டி ஹேங்கரில் தொங்கியது. நீலத்தில் வெள்ளைப் பூ. வலது பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரை வழுவழுவென்று ஓடியது. சுடலையம்மாள் கடைசி மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கட்டிங் மாஸ்டர் சமுத்திரம் சாக்பீஸை உதறிக்கொண்டு, "என்ன மதினி, கிளாஸ் சீக்கிரம் விட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

சத்தியநேசன் தானே ஒரு மெஷினில் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையில் இருந்த துணியை மடியில் சுருட்டினார். திருடத் தெரியாத ஆள், எதையும் மறைக்கத் தெரியாது. அவள் போய் இழுத்தாள். அதே நீலம், அதே வெள்ளைப் பூ. இதில் பை இருந்தது.

"இது யாருக்கு?"

"சும்மா. துணி மிஞ்சிச்சு."

"ரெண்டாயிரமும் பை இல்லாமப் போவுது. இது ஒண்ணுல மட்டும் பை. அப்படித்தானே?"

அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் வச்சுத் தச்சா, நான் நோயாளின்னு நெனைக்க மாட்டேனாங்க?" என்றாள் ஸ்வீட்லின்.

மெஷினில் இருந்த அவர் கால் நின்றது. சமுத்திரமும் சுடலையம்மாளும் எதற்கோ வெளியே போனார்கள். நல்லவர்கள்.

"யாரு சொன்னா?" என்றார்.

"ஹபீப் ரகுமான் சார். எங்க சார்தான். முப்பத்தோரு பேருக்கு முன்னால சொன்னாரு."

"அய்யோ" என்று தலையில் கை வைத்தார். "ஒங்க சாருன்னு அவரு காலேஜ் பேரு சொன்னப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். ஒன் புருஷன்னு தெரிஞ்சா ஒனக்கு வெக்கமா இருக்குமேன்னுதான் பேர மாத்தச் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்களாட்டி?"

"சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முழுசாச் சொல்ல முடியல. இளைப்பு வந்துட்டு."

அவர் சட்டென்று எழுந்தார். அவள் முகத்தையும் நகத்தையும் பார்த்தார். "இப்பத் தேவலையா? பஸ்ல வந்தியா? ஆட்டோவுக்கு என்ன கேடு?" என்று திட்டினார். அவள் அவர் சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நெஞ்சில் ஒட்டியிருந்த பஞ்சும் நூலும் அவள் மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. "இதுக்குத்தான் கிட்ட வராதன்னு சொல்லுதது" என்றார் அவர். சொன்னாரே தவிர, விலகவில்லை.

வாசலில் கார் நின்றது. வியாபாரி தங்கப்பாண்டியன் விசிறிக்கொண்டே வந்தார். கனத்த உடம்பு, தங்கமான குரல், பைசாவில் கல் நெஞ்சு. ஸ்வீட்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹேங்கரில் தொங்கியதைக் கழற்றிச் சுருட்டி ஓரத்தில் போட்டாள்.

"அண்ணாச்சி, மாதிரி வேற. பை இருக்கும். ஆனா போன் நுழையுற பை. ரெண்டு இஞ்சு ஆழம் கூட்டுதோம். மிஞ்சுன துண்டுலதான் பை வெட்டுதோம், அதனால வெல கூடாது. கொறைக்கவும் மாட்டோம். உடுத்துறவங்க பையத் தேடித்தான் வாராங்களாம், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கடையில கேட்டுட்டு வாரேன்."

தங்கப்பாண்டியன் அவளையும் சத்தியநேசனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதைத்தானே நான் ஒரு வருஷமாச் சொல்லுதேன்? ஒண்ணு பெருசாக்குங்க, இல்லன்னா எடுத்துருங்கன்னு. பெருசாக்க மட்டும் முடியவே முடியாதுன்னு ஒத்தக் கால்ல நின்னவரு ஒன் வீட்டுக்காரரு. அப்படின்னா எடுங்கன்னேன்."

ஸ்வீட்லின் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இது கேஸிலும் இல்லை, இரண்டாவது டீயிலும் இல்லை. அவர் மேஜைமேல் இருந்த பை அட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன் நுழைஞ்சா வெலையப் பத்திப் பேச மாட்டேன்" என்றார் தங்கப்பாண்டியன். "ஆனா மொதல்ல ஐநூறுதான். ஒரு மாசத்துல ஓடிச்சுன்னா மிச்சம். ஓடலைன்னா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாயிரம் எங்கே, ஐநூறு எங்கே. ஒரு மாசம் மெஷின் ஓடும். அதற்கப்புறம் மதுரைப் பெண்கள் கையில் இருக்கிறது. சமுத்திரம் உள்ளே வந்து, "அப்ப புது அட்டை வெட்டணும்லா முதலாளி? எதை வச்சு வரைய?" என்று கேட்டார். ஸ்வீட்லின் தன் போனை அட்டைமேல் வைத்தாள். சமுத்திரம் சுற்றி வரைந்தார். சத்தியநேசன் மட்டும் பக்கத்தில் வரவில்லை.

அவள் அவரிடம் போனாள். "ஏன் பெருசாக்க மாட்டேன்னீங்க? இம்புட்டுதானே வேலை?"

அவர் அந்தப் பழைய அட்டையைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"இந்த அளவுன்னா, கைய விட்ட ஒடனே இன்ஹேலர் விரல்ல தட்டும். ஆழம் கூட்டிட்டா அது அடியில போயிரும். போனும் சில்லறையும் சாவியும் கூடக் கெடக்கும். அவசரத்துக்கு நீ உள்ள விட்டுத் துழாவணும். அம்புட்டு நேரம் ஒனக்கு மூச்சு இருக்கணுமே."

ஸ்வீட்லின் அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"துழாவி எடுத்துக்கிடுதேன்" என்றாள். "அம்புட்டு நேரம் தாங்குவேன். நீங்க வெட்டச் சொல்லுங்க."